இடது காலில் வைத்த சந்தனம்

விமானம் ரிப்பேர் பார்க்கிற வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. பம்பு, மோட்டார், கிரைண்டர் என்றால் கோயம்புத்தூரில் தலையாட்டுவார்கள். "அப்போ ஏர் ஹோஸ்டஸா இருந்தீங்களா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குனிந்தும் படுத்தும் வேலை செய்ததில் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமம் என்னிடம் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நான் எப்படிப் போட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை.

விமானம் நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் கொட்டகையில் இருந்தது இரண்டு இன்ஜின், ஆறு இருக்கை கொண்ட சின்ன விமானம். மில் முதலாளி ஒருவருடையது. விமானம் மேலே கிளம்பியதும் அதன் சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போய்விடும். அதற்குப் பைலட் ஒரு லீவரைத் தூக்க வேண்டும். தரையில் நிற்கும்போது யாராவது மறதியாக அதைத் தூக்கிவிட்டால் விமானம் குப்புற விழும். அதனால் இடது சக்கரத்தைத் தாங்கும் காலில், பின்பக்கமாக, பெருவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். விமானத்தின் பாரம் இறங்கி கால் அமுங்கியிருக்கும்போது அந்த சுவிட்சும் அமுங்கியிருக்கும், லீவர் பூட்டிக்கொள்ளும். மேலே கிளம்பியதும் கால் நீளும், சுவிட்சின் மூக்கு வெளியே வரும், பூட்டு திறக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

சுவிட்ச் என்றால் ஒருநாள் மக்கர் பண்ணத்தான் செய்யும். கிளம்பிய நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் சக்கரத்தை உடனே உள்ளே இழுத்தாக வேண்டும். அப்போது பூட்டு திறக்காவிட்டால் ஆள் காலி. அந்த ஆபத்துக்காக லீவருக்குப் பக்கத்திலேயே சிவப்பாக ஒரு சின்னத் தகடு இருக்கும். ஓவர்ரைடு என்பார்கள். அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு தூக்கினால் சுவிட்ச் என்ன சொன்னாலும் லீவர் மேலே போகும். தரையில் நிற்கிறோமா, வானத்தில் இருக்கிறோமா என்று அது கேட்காது. கேட்க வேண்டியது அமுக்குகிற ஆள்தான்.

ஆயுத பூஜை எங்கள் கொட்டகையில் பெரிய விசேஷம். லேத்துக்கும் லாரிக்கும் செய்வதை நாங்கள் விமானத்துக்குச் செய்வோம். கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பொரி கடலை பிரித்துச் சாப்பிட்டால்தான் எங்களுக்குத் திருப்தி. அங்கே இருந்த ஒரே பெண் நான் என்பதால் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் என் வேலை. அந்த வருஷமும் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூக்கு, கதவு, இன்ஜின், டூல் பெட்டி என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே வந்தேன். இடது காலுக்கு வந்தபோது மெக்கானிக் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"ஏனுங்கக்கா, காலுக்கு எதுக்குங்? டயருக்கு வெச்சாப் போதாதுங்களா?"

அவன் பெரியநாயக்கன்பாளையத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். முன்பு அங்கே இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கடையில் வேலை பார்த்தவன், எங்களிடம் ஒப்பந்தத்தில் இருந்தான். தினசரித் துடைப்பு, கிரீஸ், காற்று எல்லாம் அவன் பொறுப்பு.

"டயரைவிடக் காலுதானப்பா பாரத்தைத் தாங்குது," என்று சொல்லிவிட்டு மூன்று விரலால் அள்ளி அப்பினேன். நான் சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணத்தால் வீட்டிலும் கெட்ட பெயர்தான். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததை, போகிற போக்கில் காலின் பின்பக்கத்தில் தடவிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பைலட் வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கிவந்தார். நம்ம ஊர்ப் பையன்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். "சக்கரத்தத் தூக்கற கியர் லீவர் மேல வரமாட்டேன்னுடுச்சுங்க மேடம். ஓவர்ரைடை அமுக்கித்தான் தூக்குனேன்," என்றார். விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். லீவரை ஐந்து தடவை தூக்கிப் போட்டோம், ஐந்து தடவையும் ஒழுங்காக வேலை செய்தது. ஒயரில் மீட்டர் வைத்தேன், சரியாகக் காட்டியது. குனிந்து காலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். முட்டி வலித்தது, குனியவில்லை. "சோதித்தேன், சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் மழை. மறுபடியும் அதே புகார். வெயில் அடித்தால் சரியாகிவிடும், மழை பெய்தால் மக்கர். புது சுவிட்சுக்கு எழுதிப்போட்டேன். வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். அதுவரை விமானத்தை நிறுத்தி வைப்பதுதான் முறை. ஆனால் முதலாளிக்கு வாரம் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. பைலட்டும், "பரவாயில்லீங்க மேடம், ஒரு அமுக்கு அமுக்குனா ஏறிக்குது," என்று சிரித்தார். எனக்கும் யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. உதிரி பாகம் வரும்வரை பறக்கலாம் என்று அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

மெக்கானிக்தான் முணுமுணுத்தான். "அமுக்கறது பழக்கமாயிரக் கூடாதுங்க்கா. எங்க பிரஸ்ல கை உள்ள மாட்டிரக் கூடாதுன்னு, ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்குனாத்தான் அடி உழுகும். வேல வேகமா ஆகோணும்னு ஒரு பட்டனை ரப்பர் டியூப்ல கட்டிப்போடுவோம். அப்பறம் கட்டியிருக்குதுங்கறதே மறந்துபோயிருமுங்க." நான் அவனைக் கிரீஸ் டப்பா எடுத்துவரச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் அவன் சொன்னது அப்படியே நடந்தது. விமானம் நல்லபடியாக இறங்கி, ஓடுபாதையில் வேகம் குறைந்து வந்துகொண்டிருந்தது. இறங்கியதும் இறக்கையின் மடிப்புகளை மேலே தூக்க வேண்டும். அதற்கு இன்னொரு லீவர். பைலட்டின் கை மறதியாகப் பக்கத்திலிருந்த சக்கர லீவருக்குப் போயிருக்கிறது. வேறு விமானமாக இருந்தால், ஏன், இதே விமானம் ஒரு மாதத்துக்கு முன்பு என்றால், லீவர் பூட்டியிருக்கும், அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை எடுத்திருப்பார். இப்போதோ மூன்று வாரப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகவே சிவப்புத் தகட்டை அமுக்கிவிட்டது. முன்சக்கரம் மடங்கியது. இரண்டு இன்ஜினின் விசிறிகளும் தரையில் அடித்து வளைந்தன. உள்ளே முதலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. அந்த அம்மா இறங்கி வந்து, அழாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

விமானத்தைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு சுவிட்சைக் கழற்றினேன். மூக்கைச் சுற்றிச் சந்தனம். அமுங்கியிருந்த நிலையிலேயே பசை அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஈரத்தில் ஊறிப் பிடித்தும், வெயிலில் காய்ந்து சுருங்கி விட்டும் எங்களை ஆட்டிவைத்திருக்கிறது. ஓரத்தில் குங்குமம் கூட இருந்தது. அந்த மூன்று வாரமும் அந்தக் காலைத் தினமும் பார்த்தவள்தான் நான். டூல் பெட்டியிலும் சந்தனம், கதவிலும் சந்தனம், என் நாற்காலியிலும் சந்தனம். அது அழுக்கு என்று எங்கள் யார் கண்ணுக்கும் படாது.

எங்கள் கொட்டகை மேனேஜரிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். அதுவரைக்கும் நான் நல்லவள்தான். அவர் கதவைச் சாத்தினார்.

"விபத்து அறிக்கைல சந்தனம்னு எழுதுனா சிரிப்பாங்க மேடம். சிரிச்சுப்போட்டு உங்க உரிமத்தைப் புடுங்குவாங்க. வெச்சது நீங்க, பாத்தது நீங்க, கையெழுத்தும் நீங்க. பேசாம தூசின்னு எழுதிப்போடுங்க."

தூசி என்று எழுதினால் அது யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும். தினசரித் துடைப்புப் பட்டியலில் கையெழுத்து இருந்தது மெக்கானிக்குடையது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. "சுவிட்சில் தூசி படிந்து இயங்கவில்லை" என்று எழுதினேன்.

பைலட்டைப் பல மாதம் பறக்கவிடாமல் உட்காரவைத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மெக்கானிக்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அவன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக ஒரு காலை நேரத்தில் வந்தான். நான் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"நீங்க எழுதுனதப் படிச்சனுங்க்கா."

அவன் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு, அதோடு தீர்த்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

"பூசைக்கு மறுநாளே சுவிட்சுல சந்தனம் இருக்கறதப் பாத்தனுங். துணிய எடுத்துட்டே போனேன். சாமிக்கு வெச்சது, அதும் நீங்க வெச்சது, தொடச்சா தப்பாயிரும்னு உட்டுப்போட்டனுங்க்கா. ஒரு வார்த்த உங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கோணும். அதனால எம்மேலயுந்தான் தப்பு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்."

மேனேஜர் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. கதவும் திறந்துதான் கிடந்தது. எழுந்து போய், எழுதியதை அடித்து மாற்றி எழுதியிருக்கலாம்.

"சரி, போயிட்டு வா," என்றேன்.

"வாரனுங்க்கா," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். பாதித் தப்பை அவன் எடுத்துக்கொண்டான் என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.