என் பாராட்டு விழாவில் பூசிய பவுடர்

சிறுவர்களுக்காக இருபத்தைந்து வருஷம் கதை எழுதியதற்காகக் கள்ளக்குறிச்சியில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சாலையில் மரம் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த சமயம். பஸ் ஓடுமா ஓடாதா என்று ஊரே கவலைப்பட, பொன்னாடை வந்து சேருமா என்பது என் கவலை.

மற்றவர்கள் ரோஜா நிற ராஜகுமாரிகளை எழுதிக்கொண்டிருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து பள்ளியில் சேரும் ஒரு கறுப்புச் சிறுமியை நான் எழுதினேன். அந்தப் பெருமைக்குத்தான் விழா. அந்தக் கதையையே நாடகமாகப் போட ஏற்பாடு. மலைச் சிறுமி வேஷத்துக்கு, விழாவை நடத்திய தலைமையாசிரியர் தேடிப் பிடித்தது சின்னசேலத்து அரிசி மில்காரர் மகளை. நல்ல சிவப்பு. முகத்தில் கரி பூசிக் கறுப்பாக்கிவிடலாம் என்பது திட்டம். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அவர் பள்ளியிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களைத் திரை இழுக்கவும் நாற்காலி போடவும் வைத்திருந்தார். எனக்கு உறுத்தியது. ஆனால் மாலை போடுகிறவரிடம் போய்க் குறை சொல்வார்களா?

விழா அன்று சின்னசேலம் சாலையில் புளியமரம் விழுந்தது. மில்காரர் மகளால் வரமுடியவில்லை. தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். திரை இழுக்க நின்றிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முன்னால் வந்தாள்.

"எனுக்கு வசனம் எல்லாம் தெரியும் சார். தினிக்கும் ஒத்திகை பாத்துக்கினுதான இருந்தேன்."

பேசியும் காட்டினாள். என் வசனம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது, நிஜமாகவே. வேஷம் அவளுக்குக் கிடைத்தது.

போட்டோக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இது, போட்டோல மூஞ்சியே தெரியாதே. பவுடர கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க."

தலைமையாசிரியர் பவுடர் டப்பாவோடு வந்தார். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"ஐயா, கதையில அந்தப் பொண்ணு கறுப்புதானங்க? பவுடர் வேணான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்டிருப்பார்கள். அன்று ஒருநாள் நான் எதைச் சொன்னாலும் கேட்டிருப்பார்கள். ஆனால் அது பத்திரிகைக்குப் போகும் படம். அவள் பக்கத்தில் நானும் நிற்பேன்.

"போட்டோவுக்குத்தாம்மா. ஒண்ணும் ஆவாது, போட்டுக்க" என்றேன்.

பொங்கலுக்குச் சுவரில் வெள்ளையடிப்பது போல அடித்தார்கள். கழுத்து வரை வெள்ளை, அதற்குக் கீழே அவள்.

நாடகம் நன்றாகவே போனது. கதையின் உச்சக் கட்டத்தில் வகுப்பே கேலி செய்யும்போது மலைச் சிறுமி எழுந்து பதில் சொல்வாள். கைதட்டலுக்காகவே நான் எழுதிய வசனம் அது. அவளும் எழுந்தாள், நெஞ்சை நிமிர்த்தினாள், அந்த வெள்ளை முகத்தோடு கணீரென்று சொன்னாள்:

"ஆமா, நான் கறுப்புதான். அதுக்கு இன்னா இப்போ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசைப் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவள் என் பக்கம் திரும்பினாள். தலைமையாசிரியர் என் தொடையில் தட்டிச் சிரிக்க, நானும் சிரித்துவைத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். மிச்ச வசனத்தைப் பேசவே இல்லை.