காலி வீதியில் நாற்பது சைக்கிள் மணிகள்

விளையாட்டுக்கும் எனக்கும் சிறு வயதிலிருந்தே ஆகாது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டி நாளில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன் நான். அப்படிப்பட்டவன் கொழும்பிலிருந்து காலி வரை, நூறு கிலோமீற்றருக்கும் மேலே, சைக்கிள் ஓடப் பெயர் கொடுத்தபோது நான் வேலை செய்த கந்தோரில் சிரிக்காத ஆள் இல்லை. பக்கத்து மேசைக்காரர் பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்கு வரும் கால்மணி நேர ரயில் பயணத்துக்கே இருக்கை தேடுகிறவர். அவர்கூட, "தம்பி, காலிக்கு ரயிலும் ஓடுதாம்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் என் தம்பி. காலிக்குச் சில மைல் முன்னால், வீதியை ஒட்டியபடி ஒரு தடுப்பு முகாம் இருந்தது. அவன் அதற்குள் இருந்தான். எட்டு மாதம் ஆகியிருந்தது.

பிடிபடும்வரை அவனும் நானும் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். சுற்றிவளைப்பு என்றால் முதலில் எங்கள் ஒழுங்கைதான். அதனால் வீட்டுக்காரர் கீழ்க்கதவை எந்நேரமும் பூட்டி வைப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு திறப்பு. வெளியே போனவன் கீழே நின்று சைக்கிள் மணி அடிப்பான். அறையில் இருப்பவன் திறப்பை லேஞ்சித் துணியில் சுற்றி யன்னலால் போடுவான். மணியை எவனும் அடிக்கலாம் என்பதால் தம்பி ஒரு முறை வைத்திருந்தான்: இரண்டு அடி, கொஞ்சம் விட்டு ஒரு அடி. அந்தச் சைக்கிளை அவன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தவன். ஊரிலிருந்து வருகிறவர்கள் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கொண்டு வருவார்கள், இவன் சைக்கிள் கொண்டு வந்திருக்கிறான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அதன் மணி பித்தளை. பெரியது. அடித்தால் ஒழுங்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கேட்கும்.

அவன் பிடிபட்டது என்னால். இதைப் பூசி மெழுகிச் சொல்லி எனக்கு நல்ல பழக்கம். இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் முன்யோசனைக்காரன். அந்த நாட்களில் ஐசி அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் ஒரு தமிழன் கொழும்பில் வீதிக்கு இறங்கக் கூடாது. இரண்டும் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, அவனுடைய இரண்டையும் போட்டோப்பிரதி எடுக்கக் கந்தோருக்குக் கொண்டு போனேன். "நான் வருமட்டும் வெளியில போகாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அன்றைக்கென்று மெஷின் பழுது. திருத்துகிறவன் வரும்வரை காத்திருந்தேன். தம்பி பசி தாங்காமல் ஒழுங்கை முனையில் இருந்த பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருக்கிறான். அங்கே ஆமி நின்றது.

நான் வந்து கீழே நின்று கூப்பிட்டேன். திறப்பு விழவில்லை. பேக்கரி முதலாளி சைக்கிளை எடுத்து உள்ளே வைத்திருந்தார். கைபிடியில் பாண் அப்படியே தொங்கியது. "மல்லியைக் கொண்டு போய்விட்டார்கள்" என்று தம்பியைப் பற்றிச் சிங்களத்தில் சொன்னார். அப்போது என் சட்டைப் பையில் அவனுடைய ஐசியும், அதன் மூன்று பிரதிகளும் இருந்தன.

முகாமில் ஒரே ஒரு தடவை பார்க்க விட்டார்கள். பதினைந்து நிமிடம். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு காவலர் நின்றார். தம்பி மெலிந்திருந்தான். நான் ஐசி விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவன் விடவில்லை.

"இங்க சத்தத்துக்குக் குறைவில்லை அண்ணா," என்றான். "குளிக்கிற தொட்டியடியில நிண்டால் காலி றோட்டில போற பஸ் எல்லாம் கேக்கும். அவ்வளவு பக்கம். அம்மாக்கு மட்டும் ஒண்டும் எழுதாதேங்கோ."

அதற்குப் பிறகு மூன்று தடவை போனேன். ஒரு தடவை கடிதம் சரியில்லை என்றார்கள். ஒரு தடவை பொறுப்பானவர் இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை முகாமுக்கே போய்ச் சேரவில்லை. களுத்துறைப் பாலத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி, அரைநாள் வெயிலில் இருத்திவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடவேணுமே. பொறுமையா இருங்கோ" என்றார். அவனை வெளியே எடுக்க என்னால் ஆகாது என்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. அண்ணன் கைவிட்டுவிட்டான் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் கந்தோர் அறிவித்தல் பலகையில் விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தச் சைக்கிள் சவாரி பற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேர், கோட்டையிலிருந்து காலி வரை, பொலிஸ் அனுமதியோடு. முகாமைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பியின் சைக்கிளில், தம்பியின் மணியோடு.

சவாரிக்குத் தலைவர் கணக்குப் பகுதியில் வேலை செய்த சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் 'அய்யே', சிங்களத்தில் அண்ணன். அவருக்கு நான் 'மல்லி'. அவருக்குத் தமிழ் தெரியாது, பேசியதெல்லாம் சிங்களத்தில். சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது சைக்கிள் மணியா, கோயில் மணியா?" என்று கேட்டார். பொலிசுக்குக் கொடுக்கும் பட்டியலில் என் பெயரைச் சரியாக நடுவில் எழுதினார். "முதல் நாலு பெயரையும் கடைசி நாலு பெயரையும்தான் அவர்கள் வாசிப்பார்கள்" என்றார். நல்ல மனிதர். ஆனாலும் உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. எல்லோரும் ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். முன்னால் போகிறவர் மணியால் சொல்லுவார்: ஒரு அடி என்றால் பள்ளம் அல்லது குறுக்கே ஏதோ நிற்கிறது, இரண்டு அடி என்றால் எதிரே வாகனம், விடாமல் அடித்தால் நிற்பாட்டு. பின்னால் வருகிறவர் கேட்டதை அப்படியே தனக்குப் பின்னால் வருகிறவருக்கு அடித்துக் காட்ட வேண்டும். "கேட்டதைக் கேட்டபடி பின்னுக்குக் கொடு. ஏன் என்று யோசிக்காதே. நீ யோசித்து முடிக்கும்போது பின்னால் வருகிறவன் பள்ளத்தில் கிடப்பான்." இரண்டு மாதப் பயிற்சியில் அது எல்லோருக்கும் கைப்பழக்கம் ஆகிவிட்டது. நான் வரிசையின் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசி ஆளின் மணியை எவரும் எடுத்து அடிக்கமாட்டார்கள். முகாமடியில் தனியாக இரண்டும் ஒன்றும் அடிப்பேன். தொட்டியடியில் நின்றால் அவன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை குளிக்க விடுவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இதுதான் என் திட்டம்.

விடிந்த கையோடு புறப்பட்டோம். மஞ்சள் பனியன், நெஞ்சில் இலக்கம். தெஹிவளை தாண்டி, மொறட்டுவை தாண்டி, களுத்துறைப் பாலத்துக்கு வந்தோம். அதே பாலம், அதே மணல் மூட்டைகள். ஆமிக்காரர்கள் வீதிக்கு வந்து கைதட்டினார்கள். ஒருவன், என் தம்பி வயதுதான் இருக்கும், ஓடிவந்து என் கையில் ஒரு தம்பிலி இளநீரைத் தந்து முதுகில் தட்டினான். பஸ்ஸில் தனியாக வந்த தமிழனுக்கு அரைநாள் வெயில். மஞ்சள் பனியன்காரனுக்கு இளநீர். அதை அவன் முகத்தில் எறியவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது குடித்தேன். தாகமாக இருந்தது.

அம்பலாங்கொடைக்குப் பிறகு உடம்பு என் சொல் கேட்கவில்லை. தொடை இறுகிக் கல்லாகிவிட்டது, உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. கடைசியில் வந்ததால் முன்னால் போனவர்கள் எழுப்பிய தூசி முழுவதும் எனக்குத்தான். ஹிக்கடுவையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது தலைவர் என்னிடம் வந்தார்.

"மல்லி, நீ விழுந்துவிடுவாய் என்று இவர்கள் பந்தயம் கட்டினார்கள். ஒரு முறைப்பாடும் இல்லாமல் வந்துவிட்டாய். இனிக் காலி மட்டும் நீ முன்னால் போ."

"வேண்டாம் அய்யே, நான் கடைசியிலேயே வருகிறேன்."

"அடக்கமெல்லாம் கந்தோரில் வைத்துக்கொள்" என்று என் சைக்கிளை அவரே உருட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கு வந்தது வினையாக வந்தது. முன்னால் நின்று நான் அடித்தால் நாற்பது பேரும் அடிப்பார்கள். ஆமி என்ன நினைக்கும்? தம்பிக்குத்தான் எது என் மணி என்று எப்படித் தெரியும்?

இடப் பக்கத்தில் முள்வேலி தொடங்கியது. தென்னை மரங்கள், அதற்குள்ளே ஓட்டுக் கூரைகள், மூலையில் காவல் கோபுரம். அடிக்காமல் போய்விடலாம் என்று முழுமனதாக முடிவெடுத்துவிட்டேன். பாதி வேலி கடந்துவிட்டது. அந்தப் பாண் ஞாபகம் வந்தது. அடித்தேன். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

எனக்குப் பின்னால் வந்தவர் யோசிக்கவில்லை. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அவருக்குப் பின்னால் அடுத்தவர். வேலி நெடுகிலும் அந்தச் சத்தம் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது, நாற்பது தடவை, ஒருவரும் பிழைவிடாமல். கோபுரத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். நான் அழுதுகொண்டே ஓடினேன். முன்னால் போகிறவனின் முகத்தை ஒருவரும் பார்க்க முடியாது. பத்து மாதத்தில் எனக்கு உண்மையாகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

காலியில் இறங்கியதும் தலைவர் கேட்டார். "அது என்ன அடி? நான் சொல்லித்தந்ததில் அப்படி ஒன்று இல்லையே?"

"ஒரு நாய் குறுக்கே வந்தது அய்யே."

"நாய்க்கு ஒரு அடி போதும் மல்லி." என் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களை எண்ணப் போனார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பொடியன் எங்கள் ஒழுங்கைக்கு என்னைத் தேடி வந்தான். முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். தம்பியோடு ஒரே மண்டபத்தில் இருந்தவனாம். தேத்தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தான்.

"சைக்கிள் ஓட்டம் ஒண்டு போனது அண்ணை, ஒரு ஞாயிற்றுக்கிழமை," என்றான். "நாங்கள் தொட்டியடியில நிண்டனாங்கள்."

"தம்பி கேட்டவனோ?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை எட்டுப் பேரின்ர பேர் வாசிச்சு லொறியில ஏத்தினவங்கள். அதில அவனும் ஒருத்தன். எங்க கொண்டு போனவங்கள் எண்டு ஆருக்கும் தெரியாது."

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் எத்தனை நாள் என்று சின்னப் பிள்ளையைப் போல விரல் மடித்துப் பார்த்தேன்.

"ஆனால் எங்களுக்கு அந்த மணி தெரியும் அண்ணை," என்றான் அவன். "உங்கட தம்பி பின்னேரத்தில சாப்பாட்டுக் கோப்பையில தட்டிக் காட்டுவான். இப்பிடி அடிச்சால் மேல இருந்து திறப்பு விழும் எண்டு. அது எங்களுக்கு ஒரு பகிடியாப் போச்சு, கதவு பூட்டுற நேரத்தில எல்லாரும் தட்டுவம். அண்டைக்கு றோட்டில அதைக் கேட்டோண்ண எல்லாரும் ஒருக்கா மேல பாத்தனாங்கள்."

அவன் போன பிறகு தேத்தண்ணீரை ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன். அன்றைக்குச் செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்ச நாளில் அம்மா பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்துவிட்டார். எழுத வேண்டாம் என்று தம்பி தடுத்த செய்தியை, அவன் பிடிபட்டதை, ஊரில் யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். அவரும் நானும் லேஞ்சியோடு அதே அறையில் இருந்தோம். ஒழுங்கையில் எந்த மணி அடித்தாலும் யன்னலுக்குப் போவார். மணி அடித்த கதையை அவருக்குச் சொன்னேன். லொறிக் கதையைச் சொல்லவில்லை.

"அவன் கேட்டிருப்பானோ?" என்றார்.

"ஓம் அம்மா. கேட்டவனாம்."

பொய் சொல்லுவது அவ்வளவு லேசாக இருந்தது. ஆனால் அம்மா அதோடு விடவில்லை. "அப்ப இந்த வருஷமும் பாத்துக்கொண்டெல்லோ இருப்பான். நீ திரும்பவும் போக வேணும்" என்றார்.

போனேன். தலைவர் என் பெயரைப் பட்டியலின் நடுவில் எழுதினார். ஹிக்கடுவையில் என் சைக்கிளை உருட்டி முன்னால் விட்டுவிட்டு, "இந்த முறையும் அந்த நாய் நிற்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார். நிற்கும் என்றேன். வேலி தொடங்கியதும் அடித்தேன். நாற்பது பேரும் அடித்தார்கள். உள்ளே அவன் இல்லை என்று தெரியும். மேலே பார்க்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்றும் தெரியும்.

திரும்பி வந்தபோது அம்மா கதவடியில் நின்றார். உடுப்பு மாற்றக்கூட விடவில்லை.

"அடிச்சனியோ?"

"அடிச்சனான் அம்மா" என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.