பெண்கள் வாசல் இருளம்மாள்

ராஜபாளையத்தில் டூரிங் கொட்டகை வந்த நாளிலிருந்து, புதுப்படத்துக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்று தெரிய வேண்டுமானால் இருளம்மாளைத்தான் கேட்பார்கள். பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை அவளுக்கு. சொந்த ஊர் கான்சாபுரம். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் படம் வந்த முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே வாசல் தட்டியில் சாய்ந்தபடி முழுசாகப் பார்த்துவிடுவாள். மறுநாள் காலையில் நெல் குத்தப் போகிற வீடுகளில் உலக்கை விழுகிற இடைவெளியில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அவள் புருசன் கண்ணுச்சாமிக்கும் கொட்டகையில்தான் வேலை. மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் படத்தட்டி கட்டி, கொட்டு அடித்து, நோட்டீஸ் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவான். அவனுக்கு எல்லாப் படமும் குடும்பத்தோடு கண்டுகளிக்க வேண்டிய படம்தான். அவன் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போன பிறகு, தெருப் பெண்கள் அவன் பெண்டாட்டியிடம் வந்து மெதுவாகக் கேட்பார்கள்.

"மாமியாளும் மருமகளும் சேந்து வரலாம்" என்பாள் இருளம்மாள். அதுதான் அவள் கொடுக்கிற முதல் தரம். "மருமக வரட்டும், மாமியா வேண்டாம்" என்றால் காதல் கொஞ்சம் தூக்கல் என்று அர்த்தம். "ஆம்பளையள அனுப்பிட்டு நீங்க கதவச் சாத்திட்டு ஒறங்குங்க" என்று சொல்லிவிட்டால் அந்தப் படத்துக்குப் பெண்கள் பக்கம் காலிதான்.

ஒரு தரம் தளவாய்புரத்திலிருந்து ஆவுடையம்மாள் என்ற பண்ணை வீட்டு அம்மாள், ஒன்பது பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வாசலில் இருளம்மாள் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். கொட்டகை மானேஜர் முத்துராமலிங்கம் அவளைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ எங்க ஆளா, எதிராளியா?" என்று சத்தம் போட்டார். அடுத்த படத்துக்கு அவள் சொன்ன ஒரு சொல்லில் அதே வீட்டிலிருந்து மூன்று வண்டி வந்தது. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஊர் அப்படித் தன் சொல்லை நம்பியது இருளம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. வேறு பெருமை எதுவும் அவளுக்கு வாய்த்ததில்லை.

அவள் நெல் குத்துகிற வீடுகளில் ஏசம்மாள் வீடும் ஒன்று. வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். ஏசம்மாளுக்கு ஒரே மகன் வில்சன். பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து மலாய் நாட்டுக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைக் காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மருமகள் வேதமணிக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி எட்டு மாதம்தான் அவனோடு இருந்திருந்தாள். மாமியாரும் மருமகளும் அந்த வீட்டில் இரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏசம்மாளுக்குச் சினிமா ஆகாது. சாமி படம் வேதக்காரர்களுக்கு ஆகாது, ஆட்டப் படம் யாருக்குமே ஆகாது. மிச்சம் என்ன இருக்கிறது என்பார்.

1944 வைகாசியில் ஒரு படம் வந்தது. ஏழை வாத்தியார் ஒருவர், அவருக்கு இரண்டு தங்கைகள், அவர்களைக் கரையேற்றப் படுகிற பாடு. சாமியும் இல்லை, ஆட்டமும் இல்லை. இருளம்மாள் பார்த்துவிட்டு வந்து மறுநாள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு ஏசம்மாளிடம் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, இந்தப் புள்ளைய ஒரு நாளைக்கு அனுப்பிவையுங்க. உங்க கோயில்ல உக்காந்து பிரசங்கம் கேட்ட மாரி இருக்கு படம்."

"ஒண்ணும் விகற்பமா இல்லியே?"

"இருந்தா நாஞ் சொல்லுவனா?"

உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த வேதமணியின் கை நின்றிருந்ததை இரண்டு பேருமே கவனித்தார்கள். "சரி, பக்கத்து வீட்டு அருள்செல்வியக் கூட்டிட்டுப் போயிட்டு வரட்டும்" என்றார் ஏசம்மாள். "நீ சொல்லுதியேன்னுதான் அனுப்புதேன்."

செவ்வாய்க்கிழமை வேதமணி வந்தாள். படத்துக்கு முன்னால் சர்க்கார் உத்தரவுப்படி போர்ச் செய்தி காட்டுவார்கள். அந்த நேரத்தில் இருளம்மாள் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பாள். ஆகவே இருளம்மாள் ஒரு போர்ச் செய்தியையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அதில் என்ன வருகிறது, யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று அவள் யோசித்ததுமில்லை. அது படத்தைச் சேர்ந்ததில்லை என்பது அவள் எண்ணம்.

வாத்தியார் கதை தொடங்குவதற்கு முன்பே வேதமணி எழுந்து வெளியே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவிய வந்தாவ" என்றாள். "பர்மாச் சண்டையில அடிபட்டவங்கள ஆத்தங்கரையில தூக்கிட்டு வாராங்க. ஒரு டோலியில அவிய படுத்திருந்தாவ. கையத் தூக்கிக் கண்ண மறைச்சாவ. அப்பிடியே அவிய. மலாயிலருந்து எப்பிடியோ தப்பி வந்திருக்காவ."

இருளம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வாம்மா. அந்தச் செய்தி மட்டும் பாத்துட்டுப் போ. நானும் பாக்கேன்" என்று சொல்லி அனுப்பினாள். வில்சனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் கல்யாணத்துக்கு நெல் குத்தினவள் அவள்தான்.

புதன்கிழமை வேதமணி உள்ளே உட்காராமல் வாசல் தட்டி ஓரமாக இருளம்மாளின் பக்கத்தில் நின்றாள். செய்தி ஓடியது. பீரங்கி, மழை, சேறு, பிறகு ஆறு. "இப்பம்தான்" என்று வேதமணி முணுமுணுத்தாள். அந்த நேரம் பார்த்து, கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து டிக்கெட்டை நீட்டினாள். இருளம்மாள் குனிந்து கிழித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது டோலி கடந்து போய்விட்டது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைத்தான் அவள் பார்த்தாள்.

வேதமணி திரும்பினாள். "பாத்தியளா அக்கா?"

அந்த முகத்தை இருளம்மாள் பார்த்தாள். அதில் இருந்தது ஆசை என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாகச் சிரிக்காத பிள்ளை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

"அவியதான்மா" என்றாள்.

வேதமணி ஒரு தரம் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை, யாரும் நினைத்துப் பார்த்திராத காரியம் நடந்தது. ஏசம்மாளே கொட்டகைக்கு வந்தார். வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மணல் தரையில் முன்னால் போய் உட்கார்ந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது அவருக்கு. வெளிச்சம் அசைவதைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. மருமகள் கையைப் பிடித்து அழுத்தின இடத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கு இருளம்மாள் நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம். கூட்டம் இல்லை. ஆனால் ரோட்டுப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பார்த்து, அது வில்சன் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

வெளியே வந்த ஏசம்மாள், "எனக்குச் சரியாத் தெரியலட்டி. நீ பாத்தேல்லா, போதும்" என்றார்.

போர்ச் செய்திச் சுருள் இருந்த பெட்டி வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கொட்டகைக்குப் போனது. மாமியாரும் மருமகளும் கரிப் புகை கக்குகிற பஸ்ஸில் ஏறி அங்கேயும் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சபையில் பேச்சு எழுந்தது. உபதேசியார் வீட்டுக்கே வந்து கேட்டார். "எம் மகன் மொகத்தப் பாக்கப் போனேன். படம் பாக்கப் போகல" என்று ஏசம்மாள் சொல்ல, அவர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதோடு நின்றிருந்தால் ஒருவேளை இருளம்மாள் மறந்திருப்பாள். வேதமணியின் அண்ணன் தேவஇரக்கம் தளவாய்புரத்தில் வாத்தியார். தங்கைக்காக அலைந்து திரிந்து, பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஆனி மாதம் போய்ச் சேர வேண்டும். வேதமணி போகமாட்டேன் என்றுவிட்டாள். அடிபட்டுக் கிடக்கிறவர் எந்த நாளும் வந்துவிடுவார், வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள்.

தேவஇரக்கம் நேரே இருளம்மாளைத் தேடி வந்தார். ஏசம்மாள் வீட்டுக் கொல்லையில் அவள் உரலடியில் நின்றாள்.

"இருளம்மா, நீ படத்தப் பத்தி ஒரு சொல்லு சொன்னா அதுல பொய் இருக்காதுன்னு ஊரே சொல்லுது. அதான் கேக்கேன். அது வில்சன்தான்னு நெசமாவே பாத்தியா? இந்த வருசம் விட்டா அவளுக்குப் பொறவு இடம் கிடைக்காது. வயசு தாண்டிப்போகும்."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள். உலக்கையைக் கீழே வைத்தாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வேதமணி நிற்பது தெரிந்தது. சொன்ன சொல்லை இப்போது திருப்பி எடுத்தால் இந்த வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது? நாளைக்கு வாசலில் ஒருத்தி வந்து படத்தைப் பற்றிக் கேட்பாளா? எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனதில் ஓடியது.

"பாத்தேன் சார்" என்றாள்.

அவர் தலை குனிந்தபடி போய்விட்டார். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

சண்டை முடிந்து, 1945 கார்த்திகையில் செட்டியார்பட்டிப் பொன்னுராஜ் ஊர் திரும்பினான். வில்சனோடு ஒரே பட்டாளத்தில் இருந்து, ஜப்பான்காரனிடம் பிடிபட்டு ஒரே சிறையில் கிடந்தவன். எலும்பும் தோலுமாக வந்து ஏசம்மாள் முன்னால் உட்கார்ந்து, வில்சனுடைய சட்டைப் பித்தான் ஒன்றையும் சின்ன வேதப் புத்தகத்தையும் எடுத்து வைத்தான். வில்சன் காய்ச்சலில் போய்விட்டான். 1943 ஐப்பசியில். குழி வெட்டிய நாலு பேரில் தானும் ஒருத்தன் என்றான்.

அந்தப் பர்மாச் செய்தி எடுக்கப்பட்டதற்கு அரை வருஷம் முந்தி.

துக்கம் கேட்கப் போனவர்களோடு இருளம்மாளும் போனாள். ஏசம்மாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ வருத்தப்படாத. நீ கண்டதச் சொன்ன. ஒரு சாடையில நாலு பேரு இருக்கத்தான் செய்வான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கையில் இருந்த காப்பியை இருளம்மாள் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் வேதமணி கிணற்றடியில் தனியாக இருந்தபோது போய் நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு நான் பாக்கல. ஒருத்தி டிக்கெட்ட நீட்டுனா, குனிஞ்சிட்டேன். காலத்தான் பாத்தேன். உங்க அண்ணங்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

வேதமணி வாளியைத் திட்டில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ சரியாக ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும் என்பதுபோல நிதானமாகப் பேசினாள்.

"ரெண்டாந்தரம் உங்க பக்கத்துல நின்னு பாத்தேம்லா, அன்னைக்கே எனக்கு அது அவியளாத் தெரியலக்கா. காது வேற மாரி இருந்துச்சு. சரி, முந்தின நாளு நம்ம கண்ணுதான் ஏமாத்திருச்சுன்னு நெனச்சித்தான் திரும்பி உங்களக் கேட்டேன். நீங்க அவியதான்னுட்டிய. எம்புட்டுப் படம் பாத்தவங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு விட்டுட்டேன்."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருளம்மாள் அந்தத் திட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. அன்றைக்கு அந்த முகத்தில் தான் கண்டது ஆசை இல்லை, சந்தேகம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தானாகத் தெளிய இருந்த பிள்ளையைப் பிடித்துத் திரும்பவும் மயக்கத்தில் தள்ளியது தான்தான். படத்தில் குற்றம் இருக்கிறதா என்று சலித்துச் சலித்துப் பார்த்தவளுக்கு, பார்க்க வருகிறவளின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

வேதமணி பிறகு செட்டியார்பட்டியில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். பயிற்சி இல்லாததால் அரிச்சுவடி வகுப்பு மட்டும்தான் கொடுத்தார்கள். அவளுக்கு மேலே, அவளைவிடச் சின்னப் பெண்கள் பெரிய டீச்சராக வந்தார்கள்; வந்து போனார்கள். அவள் அதே வகுப்பில் இருந்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து மாமியாரைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை விடியுமுன்னே போய்விடுவாள்.

கொட்டகை வாசலில் இருளம்மாள் அதற்குப் பிறகும் நின்றாள். பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவள் இப்போது பதிலுக்கு முன்னால் கேள்வி கேட்டாள். யார் யார் வருகிறீர்கள், வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டா, பிள்ளை தவறிப்போனது உண்டா என்று விசாரித்தாள். பிறகு, "ஒரு சாவு இருக்கு, ஆட்டம் ரெண்டு இருக்கு, பிரிஞ்ச தாயும் மகளும் கடைசியில சேருதாவ. இனி நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க" என்பாள். வரலாமா கூடாதா என்று ஒரு சொல்லில் கேட்க வந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பொழுதுபோக்கக் கேட்டா எழவுக் கணக்குக் கேக்கா" என்று முணுமுணுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, கொட்டகைக்குள் முறுக்கு விற்கிற அங்காளம்மாளிடம் கேட்கத் தொடங்கினார்கள். கண்ணுச்சாமி ஒரு நாள், "ஏன் இப்படி ஆயிட்ட?" என்று கேட்டான். அவள் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நாடு விடுதலையான வருஷம் நல்ல படம் ஒன்று வந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் கதை. வேடிக்கையும் உண்டு, பாட்டும் உண்டு, யாரும் சாகவில்லை. போர்ச் செய்திகளும் அப்போது நின்றுபோயிருந்தன. இருளம்மாள் மூன்று நாள் பார்த்தாள். முதலிலிருந்து கடைசி வரை, வாசலுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வேதமணி பார்த்தால் சிரிப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு, அவளைப் படத்துக்குக் கூப்பிட ஏசம்மாள் வீட்டுக்குப் போனாள். வேதமணி முற்றத்தில் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "வாங்கக்கா, என்ன இந்நேரம்?" என்றாள்.

அந்தச் சிலேட்டுகளையும் அவள் முகத்தையும் பார்த்தபடி இருளம்மாள் நடையிலேயே நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. திங்கக்கிழமைக்கு நெல்லு அவிச்சிருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இல்லக்கா, அடுத்த வாரந்தான்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.