வழி காட்டியவரின் பரிவட்டம்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலன்று முதல் மரியாதை எங்கள் வீட்டுக்குத்தான். பூசாரி விபூதித் தட்டோடு வெளியே வந்து, அம்மனுக்குச் சாத்திய பட்டுத்துணியை என் ஐயாவின் தலையில் சுற்றிக் கட்டுவார். அதற்குப் பேர் பரிவட்டம். கொட்டுக்காரர்கள் அடித்து நொறுக்குவார்கள். ஐயா அந்தத் துணியோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்த பிறகும் பொழுது சாயும் வரை அதை அவிழ்க்க மாட்டார். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் தலையில் அது இருக்கும். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஐயா முறைப்பார்.

மதுரைப் பக்கம் கீழக்குயில்குடியைத் தாண்டி மேற்கே போனால் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். இந்த மரியாதை எங்களுக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரக் கும்பினியும் பாளையக்காரர்களும் சண்டை போட்ட காலத்தில், பாளையக்காரரின் ஆட்கள் மலைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார்கள். கும்பினிப் பட்டாளத்துக்கு வழி தெரியவில்லை. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் முன்னால் நடந்து வழி காட்டினார். பிடிபட்டவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார். அவரைக் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் தொங்கவிட்டார்கள். வழி காட்டியவருக்கு வரியில்லாத நிலமும் கோயில் மரியாதையும் வந்து சேர்ந்தன. தொங்கியவரின் வம்சமும் அதே ஊரில்தான், கீழத்தெருவில் இருந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இதில் யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அந்தச் சண்டைக்குக் கலகம் என்றுதான் பேர். பாளையக்காரர்கள் கொள்ளைக்கூட்டம். கும்பினியார் வந்து அமைதியை உண்டாக்கினார்கள். நான் வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டு ஆள் போட்ட வழியில்தானே அமைதி வந்தது!

மதுரையில் கல்லூரிக்குப் போனேன். பெண் பிள்ளைக்குக் காலேஜா என்று ஊரே கூப்பாடு போட்டது. ஐயா காதில் வாங்கவில்லை. அங்கே எங்கள் சரித்திரப் பேராசிரியர் கையை ஒரு வீசு வீசி, அது கலகமும் இல்லை, போரும் இல்லை, வெறும் வரித் தகராறு என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரித் தகராறுக்கா ஒரு மனுஷனைப் புளியமரத்தில் தொங்கவிடுவார்கள்? கேட்டேன். பதிலுக்கு ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். அதிலும் வரிதான் இருந்தது.

நாற்பதுகளில் நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். மதுரைப் பழங்காநத்தத்தில் வாடகை வீடு. அதற்குள் காற்று மாறிவிட்டது. மேடைக்கு மேடை அதே சண்டைக்குச் சுதந்திரப் போர் என்று பேர் வைத்தார்கள். ஆசிரியர் அறையில் தினமும் ரகளை. கணக்கு டீச்சர், "கொள்ளைக்காரன் எப்ப வீரனா ஆனான்?" என்பார். தமிழ் டீச்சர் மேசையைத் தட்டுவார். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு இருப்புக் கொள்ளாது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குப் போய்விடுவேன். அங்கே போனால் மட்டும் நிம்மதியா? பரீட்சைக்குக் கலகம் என்றுதான் எழுத வேண்டும். பிள்ளைகள் தெருவில் கேட்டுவிட்டு வருவது போர். ரெண்டையும் வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?

ஊரிலும் பேச்சு மாறிவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் யாரோ கரிக்கட்டையால் 'காட்டிக் குடுத்தவன் வீடு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஐயா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மறுபடியும் எழுதினார்கள். அந்த வருஷம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த பொங்கலுக்கு அந்தத் துணி தன் தலையில் ஏறுமா ஏறாதா என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பா அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். பாட்டன் வேண்டுமென்றே தப்பான வழியைக் காட்டினாராம். பட்டாளத்தை மலையில் சுற்றவிட்டு, பாளையக்காரருக்குத் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்தாராம். கோர்ட்டுக்குச் சாட்சியைத் தயார் பண்ணுவது போல ஐயாவை உட்காரவைத்து இதைச் சொல்லிக் கொடுத்தார். ஐயாவும் பத்து நாளில் அதைத் தன் கண்ணால் பார்த்தவர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சித்தப்பா, அப்படின்னா வெள்ளைக்காரன் எதுக்கு நிலம் குடுத்தான்? வழி தப்புனதுக்குப் பரிசா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்த்தா. அண்ணன் தலையில துணி ஏறணும். இப்ப அம்புட்டுத்தான் பேச்சு," என்றார்.

சுதந்திரம் வந்த பிறகு வந்த முதல் பங்குனிப் பொங்கல். காலையிலேயே கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. மதுரையிலிருந்து கதர்ச்சட்டை போட்ட பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். முதல் மரியாதை இனி யாருக்கு என்பதுதான் கேள்வி. சித்தப்பா எழுந்து தன் கதையைச் சொன்னார். கூட்டம் சலசலத்தது. ஊர்ப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீ சரித்திரம் படிச்ச பிள்ளை. புஸ்தகத்துல என்ன போட்டிருக்கான்? உங்க பாட்டன் காட்டுனது நல்ல வழியா, தப்பு வழியா?"

ஐயா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை. தப்பு வழிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துணி அவர் தலைக்கு வந்துவிடும்.

"வழி காட்டுனாரு. பட்டாளம் போய்ச் சேந்துச்சு. ஒருத்தரைத் தூக்குல போட்டாக. இம்புட்டுத்தான் தெரியும்," என்றேன். "ஏன் காட்டுனாருன்னு ஒருத்தரும் எழுதி வைக்கலை. பயமா, பசியா, பகையா, யாருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப காட்டிக் குடுத்தது நெசந்தானே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அதோடு முடிந்தது. சித்தப்பா என்னோடு அப்புறம் ஆறேழு வருஷம் பேசவில்லை. போகட்டும். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். ஐயா மட்டும் துண்டை மடியில் போட்டு மடித்துக்கொண்டே இருந்தார், பிரித்துப் பிரித்து மடித்தார்.

தொங்கியவரின் வம்சத்து ஆளைக் கூப்பிடச் சொன்னார்கள். கீழத்தெருவிலிருந்து ஐம்பது வயசு மனுஷன் ஒருவர் வந்து நின்றார். கொட்டு முழங்கியது. பூசாரி துணியை விரித்துக்கொண்டு கிட்டே போனார். அந்த மனுஷன் ரெண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்ண்ணே. எங்க வீட்டுல தலையில துணி ஏத்துறதில்ல."

"ஏய், மரியாதைப்பா இது!"

"எதுவா இருந்தா என்ன? தொங்குனவரை எறக்கிப் போட்டப்ப அவரு தலைத்துணியை அவுத்துத்தான் மூஞ்சியை மூடுனாகளாம். அன்னையிலருந்து எங்க ஆளுக யாரும் தலைக்குத் துணி கட்டுறதில்ல. கல்யாணத்துக்கும் கிடையாது. கீழத்தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக."

கீழத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. மேலத்தெருவில் இருந்த எங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் தன்னைவிடப் பெரிய மனுஷரைக் கண்டால் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. வேகாத வெயிலிலும் அந்த வீட்டு ஆண்கள் வெறுந்தலையோடு எதிரே வருவார்கள். "பாத்தியா தாயி, அந்த வீட்டு ஆளுகளே நம்மளக் கண்டா எப்படி மரியாதையா வாராகன்னு," என்று ஐயா எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிப் பூரித்திருக்கிறார். நானும் நம்பினேன். சரித்திரம் படித்து என்ன பிரயோசனம், சொல்லுங்கள்! ஐயா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூசாரி துணியும் கையுமாக நின்றார். அம்மன் மேலிருந்து எடுத்த துணியைத் திரும்ப உள்ளே கொண்டுபோகக் கூடாது. யார் தலையிலாவது ஏற வேண்டும். கொட்டுக்காரர்கள் நிறுத்தவும் முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் மதுரைப் பேச்சாளரைக் காட்டினார். "எனக்கெதுக்குங்க, எனக்கெதுக்குங்க" என்று அவர் கும்பிட்டார். கும்பிட்டுக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தார். துணி ஏறிவிட்டது. அந்தச் சண்டை எந்தத் திசையில் நடந்தது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஐயா அதற்குப் பிறகு ஊரில் தங்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழங்காநத்தத்துக்கே வந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். கண்ணில் புரை விழுந்து, ஆள் அடையாளம் தெரியாமல், தெருவில் போகிறவர்களை யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடம் திறந்தபோது புதுச் சரித்திரப் புத்தகம் வந்திருந்தது. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அதை வீட்டில் எங்கேயாவது மறைத்து வைக்கத்தான் நினைத்தேன். ஐயா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"புதுசு வந்திருச்சாமே. நம்ம சண்டையைப் படி தாயி."

படித்தேன். கலகம் போய்ப் போர் வந்திருந்தது. கொள்ளைக்காரர்கள் வீரர்களாகியிருந்தார்கள். அப்புறம் ஒரு வரி: துரோகிகள் சிலர் வழி காட்டியதால் வீரர்கள் பிடிபட்டார்கள் என்று. விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். விழுங்கவில்லை, படித்துவிட்டேன்.

ஐயா நடப்பதை நிறுத்தினார்.

"பேரு போட்டிருக்கா?"

"இல்லய்யா. யாரு பேரும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்ய்யா."

சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திட்டத்தான் திட்டுறாக. பேரைச் சொல்லித் திட்டியிருக்கலாம்ல."