எடிசனிலிருந்து பிரிட்ஜ்வாட்டருக்கு நடந்தேன்

எட்டாம் வகுப்பில் தோற்றவன் நான். கரூரிலிருந்து சமையல்காரனாக இங்கே அமெரிக்காவுக்கு வந்தேன். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் சொந்த மெஸ், பிறகு இன்னொன்று, பார்சிப்பனி கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு, நாலு அறை வைத்த வீடு. இங்கிலீஷ் தெரியாமலே இத்தனையும் செய்தேன். ஒருத்தர் கை கொடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட என்னையும் 1998 கோடையில் பெருமாள் தரையில் உட்கார வைத்தார்.

என் ஒரே மகன் வெங்கடேசன் ரக்பி லீக் ஆடுபவன். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பார்கள், தலைக்கு ஹெல்மெட் கூடக் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு கிளப் அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. ஊரார் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக, இவன் அடிபடப் போகிறானே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் துணியில் காசு முடிந்து பூஜை அறையில் வைத்தேன். இவன் இந்த ஆட்டத்தை விட வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

பதினோராம் நாள், கிளம்புமுன் ஆடிய கடைசி உள்ளூர் ஆட்டத்தில் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். கழுத்தில் அடி. இரண்டு கையும் உணர்ச்சியில்லாமல் கிடந்தன. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கிளப் ஆறு வாரம் பொறுப்பதாகச் சொன்னது.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெஸ்ஸுக்குப் போவேன், திரும்புவேன். சாம்பார் அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை. என் மனைவி சரசு அந்த முடிப்பைக் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, இதுல என்ன வேண்டி முடிஞ்சீங்க?"

சொன்னேன். அவள் அழவில்லை.

"கேட்டதைத்தானுங்க குடுத்திருக்காரு. போய் மாத்திக் கேளுங்க."

காரில் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் முடிப்பை மடியில் கட்டிக்கொண்டு பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். பாதி வழிக்கு நடைபாதையே இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "கார் பிராப்ளம்?" என்றார். "நோ கார். காட்," என்றேன். என்ன நினைத்தாரோ, தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

கோயிலில் பட்டர் என் காலைப் பார்த்தார். "என்ன ஓய், நடந்தா வந்தீர்?"

"வேண்டுதலை மாத்தணும் சாமி. செல்லுங்களா?"

"அவர்ட்ட கேக்க அப்ளிகேஷன் ஃபார்மா வேணும்? கேளும்."

முடிப்பை அவிழ்க்காமல் உண்டியலில் போட்டேன். அவன் ஆடட்டும், கையைக் கொடு என்று கேட்டேன்.

ஐந்து சனிக்கிழமை நடந்தேன். ஐந்தாவது நடை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் மகன் முகத்தருகே குனிந்தேன். "அப்பா, யூ ஸ்மெல் டெரிபிள்," என்றான். சொல்லிக்கொண்டே என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். நான் அப்படியே அவன் கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

ஆறாவது வாரம், இவன் மறுபடி ஆடலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அடுத்த சீசன் முதல் 2001 வரை மூன்று சீசன் அங்கே ஆடி, முழு ஆளாகத் திரும்பி வந்தான். இப்போதெல்லாம் யாருக்காக வேண்டினாலும், அவரவர் ஆசை என்னவென்று கேட்டுவிட்டுத்தான் வேண்டுகிறேன். நீங்களும் தப்பாக எதையாவது வேண்டியிருந்தால் பயப்படாதீர்கள். போய் மாற்றிக் கேளுங்கள். பெருமாள் கோபிக்க மாட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி. அவன் விடைபெற்றபோது கிளப் போட்ட புத்தகத்தில் டாக்டருக்கு நன்றி, கோச்சுக்கு நன்றி. பெருமாள் பெயர் இல்லை, அவருக்கு அது வேண்டியதுமில்லை. என் பெயரும் இல்லை. எனக்கு வேண்டும். நம் கோயில் மலரிலாவது பெரிய எழுத்தில் போடுங்கள்: ஐந்து தடவையும் நடந்தது அவன் அப்பா ரங்கசாமி.