நைனா எண்ணிக் கொடுத்த ஊர்

நைனாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊராருக்கும் மூத்த மகளின் வணக்கம். "நல்லத மட்டும் எய்து கண்ணு" என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் நைனா செய்த தப்பை விட்டுவிட்டால் அவர் செய்த நல்லது உங்களுக்கு விளங்காது. சித்தப்பா மன்னிக்க வேண்டும்.

நைனா பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் சின்னக் குப்பத்தில். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கரி லாரிகள் போகும் சாலை. சின்ன வயதிலேயே வலை பிடித்தவர். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போன பிறகு, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கி என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

ஊர்க் கணக்கு நைனாவிடம்தான் இருந்தது. கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஆடி மாதம் கூழ் ஊற்ற வரியும், ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமையும் அந்தக் கணக்குப்படிதான். புருஷனை இழந்தவளும், கட்டிக்கொடுக்காமல் நின்றுபோனவளும் வரி தர வேண்டாம். அதை ஊர் காட்டும் இரக்கம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். பெரிய திட்டத்துக்கு இடம் வேண்டும், குடும்பத்துக்கு ஒரு வீடு தருகிறோம், ஊரில் எத்தனை குடும்பம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நைனா நோட்டைக்கூடப் புரட்டவில்லை. ஐம்பத்திரண்டு தலைக்கட்டையும் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்றைக்கூட விடவில்லை என்று அன்று முழுக்கப் பெருமை பேசினார்.

வீடு ஒதுக்கிய பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். நைனாவின் ஒரே தங்கை, இளவயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்த எங்கள் அத்தை, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"ணா, எம்பேரு எங்க கீது?"

"நீ தலைக்கட்டு இல்லியேம்மா…" என்று ஆரம்பித்த நைனா பாதியில் நிறுத்திவிட்டார்.

"தலைக்கட்டு இல்ல, செரி. மனுசி இல்லியா நானு? இனிமே எங்க போய் குந்துவேன்?"

அத்தையையும் சேர்த்து ஒன்பது பெண்கள் விட்டுப்போயிருந்தார்கள். நைனா ஏறாத அலுவலகம் இல்லை. எங்கு போனாலும் அவர் எழுதிய தாளையே எடுத்துக் காட்டினார்கள். "நீங்க போட்ட கையெழுத்துதானே பெரியவரே?" என்று கேட்டார்கள். தன் பெயருக்கு வந்த வீட்டுச் சீட்டையும் தங்கை பெயருக்கு மாற்றச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அது மாறவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

ஒவ்வொரு குடும்பமாக டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த ஒன்பது பெண்களும் நைனாவும் அம்மாவும் மட்டும் ஊரில் மிஞ்சினார்கள். காலி செய்ய வேண்டிய ஊர் என்பதால் கூரையைக்கூட மாற்ற விடவில்லை. பெருவெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் வந்தது. திருவொற்றியூரில் என் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா அழுதார்.

"பூட்டு போட்டது நானு. நானே எப்புடிம்மே தொறந்துகினு ஓடுவேன்?" என்றார் நைனா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "செத்தாதான் வெளிய வருவியா நைனா?" என்று கத்தினேன். அந்த வார்த்தையை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை.

அப்படித்தான் வந்தார். மூச்சு முட்டிய அன்று சாலையில் லாரிகள் அடைத்து நின்றதால் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியவில்லை. அத்தையும் மற்ற பெண்களும் அவரைப் படகில் கிடத்தி, தாங்களே துடுப்புப் போட்டு அக்கரை சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அந்தக் குரலும் நின்றது.

அந்த ஒன்பது பேருக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், புது வீடுகளிலிருந்து ஓடி வந்து தோள் கொடுத்த ஊர் ஆண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஊரில் மிஞ்சியிருந்த கடைசித் தலைக்கட்டு நைனா. அவர் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. அந்த இல்லாதவர்கள்தான் இன்று உங்களுக்குச் சோறு பரிமாறுகிறார்கள். மலரின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரோடு ஒரு மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைக் கிழித்து அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் அந்த மனுவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பது பெயரையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்கம்மா பேரையும் போடு கண்ணு. இனிமே அவளும் எங்க கூட்டந்தான்."

பத்தாவதாக அம்மாவின் பெயரை நான்தான் எழுதினேன்.