ஒரே தாளத்தில் பதினொரு குரல்

முதலில் களவு என்றுதான் நினைத்தேன். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முடிவெட்டும் கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். உள்ளே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஆள் வேறு, சொல் வேறு, ஆனால் பேஸும் ட்ரம்மும் அச்சொட்டாக அதே. மூன்றாவதும் அதே! பஸ்ஸை விட்டுவிட்டேன்.

யூனியில் என்னோடு படிக்கும் ஜமேக்கக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். டான்ஸ்ஹால் என்கிற அவர்கள் ஊர் இசையில் அதுதான் முறையாம். ஒருவர் தாளத்தை மட்டும் செய்வார், அதற்குப் பெயர் ரிடிம். பிறகு ஆளாளுக்கு வந்து அதன்மேல் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். யாருடையது எடுபடுகிறது என்பதுதான் போட்டி.

அன்றிலிருந்து ஒரே பைத்தியம். ஒரு ரிடிமைப் பிடித்து, அதில் பாடிய பதினொரு பேரையும் தேடி எடுத்தேன். ஒருவர் தன் காரைப் பற்றிப் புளுகுகிறார். இன்னொருவர் அம்மாவுக்கு நன்றி சொல்கிறார். ஒருவருக்கு மழையில் வீட்டுக்குப் போக வழியில்லை. ஒரே தாளத்துக்குள் இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள்?

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணை, தமிழ் விழாக்களுக்குப் பாட்டுப் போடுகிறவர். நான் அவருக்கு வயர் சுற்றுகிறவள். ஸ்ட்ரெதமில் ஒரு அன்ரியின் ஐம்பதாவது பிறந்தநாள், மத்தியானச் சாப்பாடு. அந்த ரிடிமைப் போட அண்ணையிடம் கெஞ்சிப் பத்து நிமிஷம் வாங்கினேன்.

"சனம் ஆடினா அடுத்த விழாவிலயும் நீ போடு," என்றார் அண்ணை. "போய்க் கதிரையில இருந்துதுகளெண்டா, வயரோட நில்."

முதல் பாட்டுக்கு, அந்தக் கார்க்காரருக்கு, நன்றாகவே ஆடினார்கள். இரண்டாவதை இணைப்பே தெரியாமல் கலந்தேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. மூன்றாவதில் ஒரு மாமா ரோல்ஸ் தட்டோடு வந்து நின்றார்.

"பிள்ளை, உது இறுகிப்போச்சுதோ? ஒரே பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆடுறது?"

"இல்லை மாமா, இது வேற ஆள்."

"சும்மா கதை விடாதை!"

பாதிப் பேர் கதிரைக்குப் போய்விட்டார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் உறைத்தது: ஆள் மாறுகிற இடத்தை நானே ஒளித்துவிட்டேன். பாட்டைப் படக்கென்று நிறுத்தி மைக்கைத் தூக்கினேன்.

"தாளம் அதேதான்! ஆனா இனி வாறது ஒரு பொம்பிளை. முதல் பாடினவர் கார், கார் எண்டு புளுகினவரெல்லோ, அவருக்கு மறுமொழி குடுக்கிறா."

"என்னவாம்?" என்று கேட்டா பிறந்தநாள் அன்ரி.

"அது வாடகைக் காராம்!"

மண்டபம் சிரித்தது. போட்டேன். ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். மாமாவும் தட்டை வைத்துவிட்டு வந்தார்.

"அதுக்கு அந்தாள் என்ன சொன்னவன்?" என்றார் பாட்டு முடிய.

"பிறகு அவர் பாடவே இல்லை, மாமா."

"அப்ப தோத்துப் போனான்," என்றா அன்ரி. "அவவை இன்னொருக்காப் போடு."

"போடு, போடு!" என்று நாலு பக்கமும் சத்தம். திருப்பிப் போட்டேன். பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. அண்ணை ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மிச்சம் ஏழு பேரும் என்ன சொல்லுகினம்?"